சிங்கத்தின் வாயில் ஒரு கை

அக்கா,

நேற்று காலை கட்டிலுக்கு அடியிலிருந்த தகரப் பெட்டியை இழுத்துத் திறந்தேன். மூடியைத் தூக்கியதும் காய்ந்த நெல்லும் கற்பூரமும் கலந்த பழைய வாசனை முகத்தில் அடித்தது. என் கிளி பவானி செத்துப் பதினோரு வருடம் ஆகிறது. அதன் நெல் வாசனை மட்டும் இன்னும் போகவில்லை. உள்ளே மஞ்சள் துணியில் சுற்றிய என் ஜோசிய அட்டைகள் இருந்தன. அந்த அட்டைக் கட்டுக்குள் ஒரே ஓர் அட்டை மற்றவற்றைவிட அரை விரல்கடை நீளமாகத் துருத்திக்கொண்டிருக்கும். எந்த அட்டை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதைத்தான் தேடினேன். படத்தைப் பார்ப்பதற்காக இல்லை. அந்தப் படம் கண்ணை மூடினாலும் எனக்குத் தெரியும். பின்பக்கத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. நீங்கள் நீல மையில் எழுதியது கொஞ்சம் மங்கலாக இன்னும் இருக்கிறது. அதைப் படித்தேன் அக்கா. நேற்றுத்தான், முதல் தடவையாக.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் உங்கள் கண் எதிரிலேயே படித்தேனே என்று கேட்பீர்கள். ஆமாம். விரலை வைத்து வரி வரியாக ஓட்டினேன். தலையை ஆட்டினேன். "சரிக்கா" என்றுகூடச் சொன்னேன். அத்தனையும் நடிப்பு. அப்போது எனக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது.

இப்போது தெரியும். அதைச் சொல்லும்போதே சிரிப்பு வருகிறது, மன்னித்துக்கொள்ளுங்கள். போன வருடம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில், படிக்காத பெரியவர்களுக்கு என்று வகுப்பு தொடங்கினார்கள். வாரம் இரண்டு சாயங்காலம். எங்களில் நான்தான் மூத்தவன். பூச்சோங்கிலிருந்து வரும் ஓர் அம்மா, பஸ்ஸில் தூக்கம் வராமலிருக்க அ, ஆ என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே வருவாராம். பக்கத்தில் உட்காருகிறவர்கள் எழுந்து போய்விடுவதால் அவருக்கு இரண்டு இடம் கிடைக்கிறதாம். எனக்கு 'ஞ' பிடிக்கும். எழுதி முடித்தால் ஏதோ ஒரு சிக்கலை நானே அவிழ்த்த மாதிரி இருக்கிறது. தெருவில் நடந்தால் பலகைகளெல்லாம் என்னைக் கூப்பிடுகின்றன. முப்பது வருடமாகத் தேத்தண்ணி குடிக்கும் கடையை நான் மூலைக்கடை என்றுதான் சொல்வேன். அதற்கு ஓர் அம்மன் பெயர் இருக்கிறது அக்கா. ஓடிப்போய் முதலாளியிடம் சொன்னேன். "இப்பதான் பாத்திங்களா? நான் கடைய விக்கலாம்னு இருக்கேன்லா" என்றார்.

யாருக்காவது ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார் எங்கள் ஆசிரியை. அரைப் பக்கம் போதும் என்றார். எனக்கு அரைப் பக்கம் போதாது. மெதுவாகத்தான் எழுத வரும். நீங்கள் அவசரப்பட மாட்டீர்கள்.

படிக்கத் தெரியாததை நான் எப்படி மறைத்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எந்நேரமும் கக்கத்தில் ஒரு பேப்பர் இருக்கும். கிளி அட்டை எடுத்துக் கொடுத்ததும், பலன் புத்தகத்தைத் திறந்து வரிகளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே பலன் சொல்வேன். பலன் முழுவதும் எனக்கு மனப்பாடம். விரல் சும்மா நடக்கும். ஒரு தடவை ஆபீஸில் கணக்கெழுதும் ஒரு கிராணி வந்து உட்கார்ந்தார். புத்தகம் தலைகீழாக இருக்கிறதே என்றார். கிளிக்கு அப்படித்தான் வழக்கம் என்று சமாளித்தேன். படிக்காத ஜோசியனை யார் நம்புவார்கள்? சோறு போடும் பொய் என்று நினைத்துக்கொண்டேன். அது ஒருநாள் உங்களைத் தொடும் என்று நினைக்கவில்லை.

உங்கள் மகள் மல்லிகா பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தபோது, நான் பாய் விரிக்கும் அஞ்சடி நடைபாதைக்கு நேர் மேலே, கடை மாடியில், வேறு மூன்று பெண்களோடு ஓர் அறையில் தங்கினாள். காலையில் படியிறங்கி வந்ததும் கூண்டுக்குள் விரலை விட்டுப் பவானியைச் சீண்டாமல் போக மாட்டாள். ஜோசியத்தில் அவளுக்கு நம்பிக்கை இல்லை. அதை என் முகத்துக்கு நேராகவே சொல்வாள். "கிளிகிட்ட யார் என்னா கேட்டாலும் நீங்கதான பதில் சொல்றிங்க அங்கிள்." அவள் விளையாட்டாகச் சொன்னது எனக்குள் சுருக்கென்று தைக்கும். உண்மை அதுதானே.

ஒரு மத்தியானம் என் பாய் ஓரத்தில் குந்திக்கொண்டு ஓர் அட்டையை நீட்டினாள். அவளுடைய வெள்ளைக்கார விரிவுரையாளர் அம்மாவின் அட்டைக் கட்டிலிருந்து கேட்டு வாங்கியதாம். வெள்ளைக்காரர்களும் அட்டை வைத்துக் குறி பார்ப்பார்களாம். டாரட் என்று பெயராம். அங்கே கிளி கிடையாது, ஆட்களே எடுத்துக்கொள்வார்களாம். கிளி இல்லாமல் என்ன ஜோசியம் என்று எனக்கு ஒரு இளக்காரம்.

நகருக்கு வெளியே ஏதோ ஒரு கம்பத்தில், குடிசைகள் நிறைந்த சிற்றூரில், ஏழைகளின் வீடுகளை இடித்துவிட்டார்கள், அதற்காக மாணவர்கள் திடலில் ஒரு நாள் முழுக்க உட்காரப் போகிறோம் என்றாள். கோஷம் இல்லை, கல் இல்லை, உட்காருவது மட்டும்தான். துணியில் ஒரு படம் வரைந்து பிடிக்க வேண்டும். பையன்கள் முஷ்டி வரையலாம் என்றார்களாம். முஷ்டியைக் கண்டால் அடிக்க வந்திருக்கிறோம் என்றுதான் நினைப்பார்கள், அது நாங்கள் இல்லை என்று இவள் சண்டை போட்டிருக்கிறாள். பிறகு இந்த அட்டையைக் காட்டியிருக்கிறாள். அப்படியானால் சிங்கத்தை மட்டும் வரைவோம் என்று அவர்கள் இறங்கி வந்தார்களாம்.

"பொஸ்தகத்துல இதுக்குப் பலம்னு போட்டிருக்கு அங்கிள். யாரோட பலம்? நீங்க படம் பாத்துச் சொல்றவரு. சொல்லுங்க."

வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு பெண். தலையில் பூ, இடுப்பில் பூ. அவளுக்குப் பக்கத்தில் ஒரு சிங்கம். முதலில் பார்த்தபோது சிங்கம் அவள் கையைக் கவ்வுகிறது என்றுதான் எனக்குப் பட்டது. ஆனால் எழுத்து தெரியாதவனுக்குப் படத்தைச் சும்மா பார்த்துப் பழக்கமில்லை அக்கா. நான் காலிலிருந்து தொடங்குவேன். சிங்கத்தின் வாலைப் பார்த்தேன். இரண்டு காலுக்கும் நடுவில் செருகி வைத்திருந்தது. பாயப் போகிற மிருகம் அப்படி வைக்காது. அவள் கையைப் பார்த்தேன். குச்சி இல்லை, கயிறு இல்லை. விரல்கள் இறுகவில்லை. குழந்தையின் வாயைத் துடைக்கிற மாதிரி இருந்தது. முகத்தைப் பார்த்தேன். அவள் பயப்படாமல் இல்லை, பயத்தோடுதான் நிற்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. அது படத்தில் இருந்ததா, நானே போட்டுக்கொண்டதா தெரியாது.

"அவ அடிக்கல, ஓடவும் இல்ல," என்றேன். "வாய மூடுன்னு சொல்றா. கைய எடுக்காம நின்னு சொல்றா. பலம் சிங்கத்தோடது இல்லம்மா. அந்தக் கையோடது."

மல்லிகா உடனே பையிலிருந்து நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டாள். நான் சொன்னதை ஒருவர் எழுதிக்கொள்வதை அதற்கு முன்னால் ஓர் இடத்தில்தான் பார்த்திருந்தேன். லைசென்ஸ் இல்லாமல் அஞ்சடியில் உட்கார்ந்ததற்காகப் போலீஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போன அன்றைக்கு.

பிறகு மாடியில் வேலை நடந்தது. படுக்கை விரிப்புகளைச் சேர்த்துத் தைத்தார்கள், சாயம் கரைத்தார்கள். பலகைத் தரை இடுக்கு வழியாக மஞ்சள் சாயம் என் தோளில் சொட்டியது. சிங்கம் மேலிருந்து ஆசீர்வாதம் பண்ணுகிறது என்று கத்தினேன். மேலே நாலு பெண்களும் சிரித்தார்கள். மறுநாளே சிரிப்பு நின்றது. எதிர் வரிசையில் ஓர் ஆள் நின்று மாடியைப் பார்த்துக்கொண்டே தேத்தண்ணி குடித்தான். அடுத்த நாளும் அதே ஆள். பஸ்ஸுக்குக் காத்திருந்தானோ என்னவோ. எனக்குச் சோறு இறங்கவில்லை. அறையில் போலீஸ் சோதனை போட்டால் மாட்டிக்கொள்ளும் என்று மல்லிகா அந்த அட்டையை என்னிடம் கொடுத்து வைத்தாள். அட்டையை ஒளிக்க அட்டைக் கட்டைவிட நல்ல இடம் ஏது? என் கட்டுக்கு நடுவில் செருகிவிட்டேன்.

(இந்த இடம் வரை எழுத ஆறு நாள் ஆகிவிட்டது அக்கா. மேலே நேற்று என்று எழுதியிருப்பது இப்போது நேற்று இல்லை. அடித்து எழுதினால் பக்கம் அழுக்காகிவிடும். அப்படியே இருக்கட்டும்.)

திடலில் உட்காருவதற்கு முதல் நாள் நீங்கள் வந்தீர்கள். யாரோ தோட்டத்தில் வந்து சொல்லியிருக்கிறார்கள். காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டி முடித்த கையோடு கிள்ளான் பஸ் பிடித்திருக்கிறீர்கள். சேலையில் ரப்பர் பால் வாசனை, விரல் இடுக்குகளில் காய்ந்த பால். மல்லிகா கூட்டத்துக்குப் போயிருந்தாள். என் பாயில் உட்கார்ந்து, தண்ணீர்கூடக் கேட்காமல் ஆரம்பித்தீர்கள்.

"தம்பி, நாளைக்கு இவ போகலாமா வேணாமானு கிளிகிட்ட கேளுங்க. வேணாம்னு வந்துச்சுன்னா இன்னைக்கே கூட்டிட்டுப் போயிருவேன். கட்டிப் போட்டாவது."

நீங்கள் வருவீர்கள் என்று மல்லிகாவுக்குத் தெரியும். முந்தின நாளே என்னிடம் வந்து, நம்பிக்கையில்லாத அந்தப் பெண், கண்ணைப் பார்க்காமல் சொன்னாள்: "அம்மா வந்தா நல்ல அட்டையா எடுக்க வைங்க அங்கிள்." ஆனால் நான் வேறு மாதிரி முடிவு செய்திருந்தேன். சனீஸ்வரன் அட்டையை எடுக்க வைத்து அவளை உங்களோடு அனுப்பிவிட வேண்டும். அவளுக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி எனக்காக. அவளைப் பிடித்தால் நோட்டைப் பிடிப்பார்கள், நோட்டைப் பிடித்தால் இந்தப் படத்துக்குப் பலன் சொன்னவன் யார் என்று கேட்பார்கள்.

எங்கள் தொழிலின் சூட்சுமத்தை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது உங்களுக்குச் சொல்கிறேன். கிளி ஒவ்வோர் அட்டையாக அலகால் எடுத்துப் பக்கத்தில் போடும். என் கைக்குள் ஒரு நெல் இருக்கும். நான் கட்டைவிரலை லேசாக அசைத்தால், அப்போது அலகில் இருக்கும் அட்டையை என்னிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நெல்லை வாங்கிக்கொள்ளும். அவ்வளவுதான் அதன் ஞானம். மீதியெல்லாம் என் விரல்.

கூண்டைத் திறந்தேன். பவானி எடுத்து எடுத்துப் போட்டது. நீங்கள் கிளியைப் பார்க்கவில்லை. உங்கள் கையைப் பார்த்துக்கொண்டு பேசினீர்கள். மல்லிகா கைக்குழந்தையாக இருந்தபோது குழந்தைகளை விட்டுப்போகும் தோட்டத்து ஆயக்கொட்டகையில், பார்த்துக்கொள்ள ஆள் போதாமல், ஒரு குழந்தை செத்துப்போனதைச் சொன்னீர்கள். மறுநாள் பெண்கள் யாரும் மரம் வெட்டப் போகவில்லை. துரை பங்களாவுக்கு முன்னால் புல்லில் போய் உட்கார்ந்தீர்கள். பால் வெட்டும் உளிகளை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று நீங்கள்தான் சொன்னீர்களாம், கையில் உளி இருந்தால் வெட்ட வந்தோம் என்பார்கள் என்று. பொழுது சாயும்வரை வெயிலில் உட்கார்ந்திருந்தீர்கள். இன்னோர் ஆயாவைப் போட்டார்கள்.

"ஒக்காந்தோம் தம்பி. அவ்ளோதான். அன்னைக்கு எனக்குப் பயமே இல்ல. இன்னைக்குத்தான் பயமா இருக்கு."

அப்போதுதான் சனீஸ்வரன் அட்டை பவானியின் அலகில் வந்தது. என் கட்டைவிரல் அசைந்திருக்க வேண்டும். அசையவில்லை. கிளி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதைத் தூக்கிப் போட்டது. அடுத்ததையும் போட்டது. அதற்கடுத்து அந்த நீள அட்டை. தூக்க முடியாமல் தூக்கியது. விரல் அசைந்தது. நடுக்கத்தில் அசைந்தது என்று பல வருடம் எனக்குள் சொல்லிப் பார்த்தேன். இல்லை அக்கா. நான்தான் அசைத்தேன்.

படத்தைப் பார்த்ததும் உங்கள் முகம் வெளுத்தது. இது என்ன சாமி என்று கேட்டீர்கள். அம்பாள் என்று சொல்லியிருக்கலாம். சிங்கம் இருக்கிறதே, நீங்கள் நம்பியிருப்பீர்கள். அன்றைக்கு ஏனோ அந்தப் பொய் வாயில் வரவில்லை.

"சாமி இல்லக்கா. பொண்ணு."

"சிங்கம் கடிக்காதா?"

"கடிக்கலாம். ஆனா அவ கைய எடுக்கல பாருங்க."

நீங்கள் அட்டையை வாங்கி வெகுநேரம் பார்த்தீர்கள். பிறகு ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு எழுந்தீர்கள். கூட்டிக்கொண்டு போகவில்லை என்றீர்கள். ஆனால் நீங்களும் போய் ரோட்டோரமாக நிற்கப் போவதாகச் சொன்னீர்கள். அன்று எங்கள் வீட்டில்தான் படுத்தீர்கள்.

மறுநாள் நான் பாய் விரித்தேன், ஆனால் கூண்டைத் திறக்கவில்லை. சாயங்காலம் நீங்கள் தனியாக நடந்து வந்தீர்கள். ஒரு காலில் மட்டும் செருப்பு. கண்ணீர்ப் புகையில் கண்ணிரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. என் மனைவி தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டாள். போலீஸின் செவப்பு லோரிகள் வந்தன என்றீர்கள். யாரும் கல்லெடுக்கவில்லை, யாரும் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே எல்லாரும் ஒரு கையை முன்னால் நீட்டினார்களாம், விரலை மடக்காமல். "நம்ம அட்டையில இருக்கற மாதிரியே தம்பி. அத்தன பேரும்." அதைச் சொல்லும்போது உங்கள் குரலில் ஒரு பெருமை வந்தது. அடுத்த நிமிடம் அது காணாமல் போயிற்று. மல்லிகாவை லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

இரண்டு நாள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. நீங்கள் அழவில்லை. வீட்டிலிருந்த வெங்காயம் அத்தனையும் உரித்துத் தீர்த்தீர்கள். அது முடிந்ததும் பூண்டு. பிறகு என் பாய்ப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்தீர்கள். என் பக்கம் திரும்பும்போதெல்லாம் இதோ அட்டையைப் பற்றிக் கேட்கப் போகிறீர்கள் என்று கூண்டைத் துடைக்கக் குனிந்துகொண்டேன். அந்த எதிர் வரிசை ஆள் வரவேயில்லை. அதுவும் பயமாக இருந்தது. சொல்லிவிடலாம் என்று நாலைந்து தடவை வாயைத் திறந்தேன். தேத்தண்ணி வேண்டுமா என்றுதான் வந்தது.

மூன்றாம் நாள் காலை மல்லிகா நடந்து வந்தாள். முழங்கையில் கட்டு, தொண்டை கட்டிப்போயிருந்தது. உங்களைக் கட்டிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, "சிங்கம் கடிச்சிருச்சு அங்கிள். கொஞ்சமாத்தான்" என்றாள்.

கொஞ்சமாக இல்லை. அடுத்த மாதம் அவளைப் பல்கலைக்கழகத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள், உபகாரச் சம்பளமும் நின்றது. உங்கள் தோட்டத்திலிருந்து முதன்முதலாக அங்கே போனவள். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலைக்குப் போனாள். நான் ஒரு விரலை அசைத்தேன், அவள் மூன்று வருடம் பெட்டிகளுக்கு அட்டை மடித்தாள். இதை யாரிடம் போய்ச் சொல்வேன்?

அந்தத் தீபாவளிக்கு முறுக்கோடு நீங்கள் வந்தீர்கள். அட்டையையும் கொண்டுவந்தீர்கள். பின்னால் பாருங்கள் தம்பி என்று நீட்டினீர்கள். நுணுக்கி நுணுக்கி நிறைய எழுதியிருந்தது. தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர் நீங்கள். உங்களுக்கு எழுதத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். படிக்கத் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் முறுக்கு வாங்க வந்த பக்கத்துக் கடைக்காரர்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். விரல் தானாக நடக்க ஆரம்பித்துவிட்டது. கடைசி வரியில் நிறுத்தித் தலையை ஆட்டினேன்.

"சரிக்கா."

நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "அவ்ளோதானா தம்பி?"

"அவ்ளோதான்க்கா."

நீங்கள் முறுக்குத் தட்டை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பினீர்கள்.

யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். அதில் என்ன சாபம் இருக்கிறதோ என்று பயம். என் விரலைப் பற்றி இருந்தால் ஊர் சிரிக்கும், தொழில் போய்விடும். திடலைப் பற்றி இருந்தால் படிக்கிறவர் போலீஸில் சொல்லலாம். கடைசியில் அதை மட்டும் பெட்டிக்குள் பூட்டினேன். அதற்குப் பிறகு கிளிக்கு அந்த அட்டையைக் காட்டவே இல்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் நீங்கள் வருவீர்கள். மல்லிகா மறுபடியும் படித்து ஆசிரியர் ஆன வருடமும், கல்யாணம் ஆன வருடமும் வந்தீர்கள். கிளம்பும்போது அட்டை இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்குக்கா என்பேன். ஒரு நொடி நிற்பீர்கள். நானும் நிற்பேன். உங்களுக்கு என்மேல் தீராத கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

வகுப்பில் சேர்ந்து ஆறு மாதத்தில் எனக்கு ஓரளவு படிக்க வந்துவிட்டது. அப்போதே பெட்டியைத் திறந்திருக்க வேண்டும். நீங்கள் இருந்தீர்கள். கையெழுத்துப் படிக்க இன்னும் வரவில்லை என்று நாளைத் தள்ளினேன். உண்மையில் வந்துவிட்டது. பயம்தான் விடவில்லை. அதற்குள் மல்லிகா போன் செய்தாள்.

கிள்ளானில் உங்கள் சாவு வீட்டில், கூட்டம் குறைந்த பிறகு, அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. "அம்மா உங்களப் பத்திப் பேசுவாங்க அங்கிள். ஒரே ஒரு கேள்வி கேட்டேன், பதில் சொல்லாத மனுசன்னு சொல்வாங்க. என்னா கேள்வின்னா சொல்ல மாட்டாங்க, சிரிப்பாங்க" என்றாள்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. ஒரு மாதம் போராடித்தான் பெட்டியை இழுத்தேன். ஓர் எழுத்துக்கு ஒரு மூச்சு விட்டுப் படித்தேன். நீங்கள் எழுதியதை இங்கே அப்படியே எழுதுகிறேன், சரியாகப் படித்தேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

'தம்பி. கிளி எடுக்கல. உங்க விரல் அசஞ்சத நான் பாத்தேன். கோவம் இல்ல. நீங்க காட்டினிங்க, அனுப்பினது நான். இப்ப அவ படிப்பு போச்சு. எனக்குத் தூக்கம் வரல. ஒன்னு மட்டும் சொல்லுங்க. திரும்பக் கேட்டா இதே அட்டையத்தான் எடுப்பிங்களா?'

ஒரு நாளைக்கு நானூறு மரத்தில் கோடு போட்டாலும் ஒரு நூல் பிசகாத கண் உங்களுடையது. ஒரு கட்டைவிரல் அசைவதையா பார்க்காமல் விட்டிருப்பீர்கள்? உங்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நான் சாபம் என்று பயந்துகொண்டிருந்த மன்னிப்பு என் பெட்டியிலேயே, நெல் வாசனையோடு, இருபத்திரண்டு வருடம் இருந்திருக்கிறது. அதை நினைத்து நான் அழவில்லை. அழுதது இன்னொன்றுக்காக. தூக்கம் வராமல் ஒரு தாய் கேட்ட கேள்விக்கு, நான் விரலை ஓட்டி, தலையை ஆட்டி, "அவ்ளோதான்க்கா" என்று சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு எத்தனை நாள் விழித்திருந்தீர்களோ.

பதில் சொல்வது சுலபம் என்று நினைத்தேன். மல்லிகா நன்றாக இருக்கிறாள், ஆகவே ஆமாம் என்று எழுதிவிடலாம். ஆனால் நீங்கள் அப்படிக் கேட்கவில்லை. அவள் பெட்டிக்கு அட்டை மடித்துக்கொண்டிருந்தபோது கேட்டீர்கள். அன்றைக்கு நான் படித்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? மூன்று நாளாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். இல்லை என்று சொல்லியிருப்பேனோ என்று பயமாக இருக்கிறது. மன்னித்துவிடுங்கள் என்று காலில் விழுந்திருப்பேன். அது உங்களுக்குப் பதிலாக இருந்திருக்காது. பயந்தவன் போடுகிற கும்பிடாகத்தான் இருந்திருக்கும்.

பிறகு படத்தைத் திருப்பிப் பார்த்தேன். அவள் கை அங்கேயே இருக்கிறது. உளியை வீட்டில் வைத்துவிட்டு நீங்கள் உட்கார்ந்த புல்லை நினைத்தேன். திடலில் நீண்ட அத்தனை கைகளையும் நினைத்தேன். நான் அவற்றில் ஒன்றைக்கூடப் பார்த்தவனில்லை. உங்கள் வீங்கிய கண் வழியாகத்தான் பார்த்தேன்.

உங்கள் எழுத்துக்கு அடியில், ஓரத்தில், ஒரு சொல்லுக்கு மட்டும் இடம் இருந்தது. தாளில் பத்துத் தடவை எழுதிப் பார்த்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அட்டையில் எழுதினேன்.

எடுப்பேன்.

மை காய்வதற்குள் கட்டைவிரல் பட்டு ஓரத்தில் கொஞ்சம் கலைந்துவிட்டது. அழிக்கவில்லை அக்கா. பார்த்தால் உங்களுக்கு யாருடைய விரல் என்று தெரியும்.